தொம்பலூர்க் கல்வெட்டும் ஓர் இணைப்பின் பெயரும்

பெங்களூரின் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் மறுபெயர் பூண்ட தொம்பலூராக அவ்வூர் அவற்றில் குறிக்கப்படுகிறது. பி. எல். ரைஸ் பதிப்பித்த எபிகிராஃபியா கர்னாடிகாவின் ஒன்பதாம் தொகுதி (1905) பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ரோமன் எழுத்துப்பெயர்ப்போடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சில் தந்தது. 1909இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டி 2021 முதல் இந்நகரக் கல்வெட்டுகளை முப்பரிமாண வருடி கொண்டு பதிவுசெய்து வருகிறது.

ஆக, ஒரே கல்லுக்கு அச்சுப்பக்கத்தின் படம், மைப்படியின் படம், கல்லின் முப்பரிமாண உரு எனப் பல எண்ம வடிவங்கள் இருத்தல் கூடும். இணையவழி ஆவணப் பட்டியல்களோ இவை எல்லாவற்றையும் 'டிஜிட்டல் ஆப்ஜெக்ட்' என்ற ஒரே பெயரால் சுட்டிவிடுகின்றன. அது மென்பொருளின் சொல். ஆர்க்கைவ்ஸ்ஸ்பேஸ் அதை அப்படியே திரையில் காட்டுகிறது. சொடுக்கிய பின்னரே தமக்குக் கிடைத்தது எதுவென ஆய்வாளர் அறிகிறார். சிலர் அப்போதும் அறிவதில்லை.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேறுபாடும் இல்லை. ஊர்ப்பெயரின் முதலெழுத்து 'தொ'வா 'தோ'வா என்பதைக் கல் சொல்லாது, பதிப்பாசிரியரே முடிவுசெய்கிறார். ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் அம்முடிவு கல்லின் சாட்சியம்போலத் தோன்றும். ஊர்ப்பெயராய்வில் ஈடுபடும் மாணவர் அச்சுப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் 'கல்வெட்டில் காண்க' என்று அடிக்குறிப்பு எழுதினால், ஒரு பதிப்பாசிரியரின் கருத்து மூலச்சான்றாகிவிடுகிறது. (நெறியாளர்களும் இதைக் கேள்வியின்றிக் கடந்துவிடுவதுண்டு.)

இதற்குத் தொழில்நுட்பக் குறையைக் காரணம் சொல்ல இயலாது. பட்டியல்களைக் குறியீட்டு வடிவில் எழுத 1998இல் வெளியான ஈஏடி நெறியிலேயே எண்ம இணைப்புக்கெனத் தனி உறுப்பு உண்டு. விளக்கம் எழுதவும் அதில் இடமுண்டு. 'ரைஸ் பதிப்பின் பாடம், 1905, ரோமன் எழுத்தில்' என்றோ 'கல்லின் முப்பரிமாண உரு, முதற்பக்கம் மட்டும்' என்றோ எழுதினால் போதும். வடிவம், ஆண்டு, முழுமை ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிடும்.

நகர விரிவாக்கத்தில் ரைஸ் பதிவுசெய்த கற்கள் சில மறைந்துவிட்டன. அச்சுப்பக்கம் மட்டுமே எஞ்சிய பதிவுகளில் 'கல் இப்போது இல்லை' என்னும் மூன்று சொற்களையும் இணைப்போடு சேர்த்தல் வேண்டும்.