மழைக் கணக்கில் அடங்காத அரிசி: கினி-பிசாவின் தானிய வழங்கல் குறித்து

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழும் நாடு கினி-பிசாவ். அங்கே பயிர்நிலையை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது மழையைத்தான்: ஜூன் முதல் அக்டோபர் வரை எவ்வளவு பெய்தது, இடையில் எவ்வளவு காலம் காய்ந்தது, செயற்கைக்கோள் படத்தில் பசுமை எப்படி இருக்கிறது. கிழக்கே பஃபத்தா, காபு வட்டாரங்களில் கம்பும் சோளமும் விளையும் புன்செய்க்கு இந்த அளவுகோல் பெரிதும் பொருந்தும். ஆனால் நாட்டின் தலையான உணவு அரிசி. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் செலவாகிறது. அந்த அரிசி போதுமா என்பதை மழையைவிடக் கடலோர வயல்களைக் காக்கும் மண்கரைகளும் முந்திரி விலையுமே கூடுதலாகத் தீர்மானிக்கின்றன என்பது என் வாதம்.

தொம்பாலி, ஓயியோ, பியோம்போ பகுதிகளில் பலாந்தா இனக்குழு உழவர்கள் கழிமுகச் சதுப்புக்காட்டை வெட்டி, ஓதநீர் ஏறாதபடி மண்கரை எழுப்பி உருவாக்கிய வயலுக்குப் போலான்யா என்று பெயர். கெபிந்தே எனப்படும் ஆளுயரத்தை மிஞ்சிய மரமண்வெட்டியால், களிமண்ணைப் பாளம் பாளமாக வெட்டிப் பாத்தி போடுகிறார்கள். கரையின் அடியில் குடைந்த பனைமரத் துண்டைப் பதித்து, அதன் வாயை அடைத்தும் திறந்தும் நீரை வடிக்கிறார்கள். முதல் மழை பயிருக்காகப் பெய்வதில்லை, உப்பைக் கழுவத்தான். ஊர் மேட்டில் நாற்றங்கால் வளர்ந்து நிற்க, வயலின் உவர் இறங்கிய பிறகே நடவு. மழை தாமதித்தால் நாற்று முற்றிவிடும். முன்கூட்டியே நின்றால் கதிர் பிடிக்கும் வேளையில் உப்பு மேலேறும். மழை குறைவின்றிப் பெய்தும் வெள்ளுவா நாளின் ஓதம் கரையை உடைத்துவிட்டால், அந்த வயல் அவ்வாண்டுக்கு மட்டுமல்ல, உப்பு மீண்டும் கழுவப்படும் வரை பல ஆண்டுகளுக்குப் பயன்படாது.

கரையைச் செப்பனிடக் கோடையே காலம். முந்திரி பொறுக்கும் காலமும் அதுதான். ஒத்த வயது இளைஞர்கள் கூட்டாகக் கரை கட்டுவது பழைய வழக்கம். இப்போது அவர்கள் தலைநகர் பிசாவுக்குப் பிழைக்கப் போய்விட, மிஞ்சிய கைகளை முந்திரித்தோப்பு இழுத்துக்கொள்கிறது. கைவிட்ட போலான்யாவில் சதுப்புக்காடு திரும்ப முளைக்கிறது. பசுமைக் குறியீட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது வளம்போலத் தோன்றும். நெல்லை இழந்த நிலம் படத்தில் செழிப்பாகத் தெரிவது இம்மதிப்பீட்டு முறையின் ஆகப் பெரிய குறை என்று கருதுகிறேன்.

நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறக்குறைய 90 விழுக்காடு முந்திரியிலிருந்து வருகிறது. பெரும்பகுதி உடைக்கப்படாத கொட்டையாகவே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. கொல்லத்திலும் பண்ருட்டியிலும் உடைபடும் ஆப்பிரிக்கக் கொட்டையில் இந்நாட்டுச் சரக்கும் உண்டு. கிராமங்களில் வணிகர்கள் கொட்டைக்கு ஈடாக அரிசியையே அளந்து கொடுப்பது வழக்கம். கிலோவுக்குக் கிலோ கிடைத்தால் நல்ல ஆண்டு. 2012 ஏப்ரல் ஆட்சிக்கவிழ்ப்பைத் தொடர்ந்து கொட்டை விலை சரிந்தபோது, ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு கிலோவும் அதற்கு மேலும் கொட்டை கொடுக்க நேர்ந்தது. வானம் பொய்க்காமலே வயிறு காய்ந்தது. அரிசிப் பக்கத்திலிருந்தும் இதே அடி விழலாம். 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்ததும், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளையரிசியை நிறுத்தியதும், இறக்குமதி அரிசியை நம்பிய இப்பகுதியின் சந்தைகளை நேரடியாகத் தாக்கின.

இதற்காக முந்திரியைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. பாடு குறைவு, பெண்களுக்கும் கையில் காசு தருகிறது, தோப்பு வைத்தவருக்கு நிலத்தின்மேல் உரிமையும் உறுதிப்படுகிறது. போலான்யாவின் சரிவும் முந்திரிக்கு முந்தியது. 1963 முதல் 1974 வரை நடந்த விடுதலைப் போரில் தெற்கின் கரைகள் சிதைந்தன. எழுபதுகளின் வறட்சி உப்பைக் கூட்டியது. விடுதலைக்குப் பின் அரசு கொடுத்த கொள்முதல் விலை உழவரை ஊக்குவிக்கவில்லை. அரிசி ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதிக்கு மாறியது இவ்வழியில்தான்.

விடுதலை இயக்கத்தின் தலைவர் அமில்கார் கப்ரால் தொழிலால் வேளாண் அறிஞர். 1953இல் அவர் நடத்திய வேளாண்மைக் கணக்கெடுப்பு, எந்த இனக்குழு எந்த நிலத்தில் என்ன பயிரிடுகிறது என்று ஊர் ஊராகப் பார்த்தது. இன்றைய மதிப்பீட்டுக்கும் அந்த நெருக்கம் வேண்டும். மே மாத முடிவில், எந்த ஊரில் எவ்வளவு கரை செப்பமாக நிற்கிறது, ஒரு கிலோ கொட்டைக்கு எவ்வளவு அரிசி கிடைக்கிறது என்ற இரண்டையும் மழை தொடங்குமுன்பே திரட்டிவிடலாம். அறுவடை மதிப்பீடு வரும் நவம்பரில், வயல் இழந்த குடும்பம் கொட்டைக்கு வாங்கிய அரிசியைத் தின்று முடித்து, அடுத்த முந்திரியை ஈடுவைத்துக் கடன் வாங்கியிருக்கும்.