கண்ணாடியைத் திருப்பும் கை

மும்பையில் வாழும் தமிழன்பர்களுக்குக் கொலாபா பழகிய இடம். அங்கே ஒரு வீட்டு வளாகத்தில், 1878-ஆம் ஆண்டில், வெறும் வெயிலைக்கொண்டு நீராவி எந்திரம் ஒன்று ஓட்டிக் காட்டப்பட்டது. ஓட்டியவர் பொறியியல் வல்லுநர் அல்லர். பம்பாய் உயர்நீதி மன்றத்தின் துணைப் பதிவாளராகப் பணிபுரிந்த வில்லியம் ஆடம்ஸ். பகல் முழுதும் கோப்புகளோடு மன்றாடும் நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு இது சற்றே பெருமிதம் தரும் செய்திதான்.

சூரியனிடம் வேலை வாங்க முனைவோருக்கு என்றும் ஒரு தொல்லை உண்டு. சூரியன் வானில் நகர்ந்துகொண்டே இருக்கும். கருவியும் அதன் முகம் நோக்கித் திரும்பினாலன்றி முழுப்பயன் கிட்டாது. ஆனால் திருப்புவதற்கும் செலவு ஆகிறதே! அச்செலவு, கிடைக்கும் ஆதாயத்தை விழுங்கிவிடுமா என்பதே வினா.

பிரான்சில் மூஷோ என்பார் வெள்ளி முலாம் பூசிய உலோகத்தால் கூம்பு வடிவில் ஆடி அமைத்தார். அதே 1878-இல் பாரிஸ் பொருட்காட்சியில் சூரிய வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டியவர் அவர். ஆயின் முலாம் விலை மிகுந்தது, விரைவில் மங்குவது. ஆகவே ஆடம்ஸ் வேறு வழி கண்டார். 17 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள 72 தட்டைக் கண்ணாடிகளைப் பெரிய சட்டமொன்றில் பொருத்தினார். கொதிகலன் அசையாது நிற்கும்; சட்டம் மட்டும் அதைச் சுற்றி அரைவட்டப் பாதையில் உருளும். கண்ணாடிகள் குவித்த வெப்பம் இரண்டரைக் குதிரைசக்தியுள்ள நீரிறைப்பு எந்திரத்தை இயக்கிற்று.

சட்டத்தை உருட்டுவது யார்? ஒரு கூலியாள் போதும். பகலில் மூன்று நான்கு முறை நகர்த்தினால் வேலை நடக்கும் என்பது ஆடம்ஸின் ஏற்பாடு. கூலி மலிந்த நாட்டில் திருப்பும் செலவு பெரிதாகத் தெரியவில்லை. நாள்தோறும் வெயிலில் நின்று சட்டத்தைத் தள்ளுவோனின் களைப்பை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மட்டும் நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கூலியாளுக்குப் பதில் பொறியையே அவ்வேலைக்கு அமர்த்தியவர் அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன். எகிப்தில் கெய்ரோவை அடுத்த மாதியில், 1913-இல், ஏறத்தாழ 62 மீட்டர் நீளமுள்ள ஐந்து தொட்டி வடிவ ஆடிகளை நிறுவினார். அவை தாமே சூரியனைத் தொடர்ந்து திரும்பின. நைல் நதி நீர் வயலுக்கு ஏறிற்று. நிலக்கரியைக் கப்பலில் வருவிக்க வேண்டிய நாடாகையால் அங்கே இச்செலவு தகும் என்று ஷூமன் கணக்கிட்டார். 1914-இல் மூண்ட உலகப் போர் அக்கணக்கைக் கலைத்தது. நிலையம் பிரிக்கப்பட்டது, 1918-இல் ஷூமனும் மறைந்தார்.

இன்று வெயிலை நேரே மின்சாரமாக்கும் தகடுகள் வந்துவிட்டன. தகடுகளை மோட்டாரால் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பினால், இடத்திற்கேற்ப ஏறத்தாழ 15 முதல் 25 சதவீதம் வரை கூடுதல் மின்சாரம் கிடைக்கிறது. மேகம் கவிந்த நாளில் இவ்வாதாயம் சுருங்கும். மோட்டாருக்கும் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். வரிசைகளுக்கிடையே நிலமும் கூடுதலாக வேண்டும். அதனால், 2010-க்குப் பின் தகட்டின் விலை வேகமாக வீழ்ந்தபோது, திருப்பும் செலவில் மேலும் சில தகடுகளை வாங்கி அசையாது நிறுத்துவதே மேல் என்று பலர் கருதினர். நாம் அதை முழுதும் ஒப்புவதற்கில்லை. நண்பகலில் எல்லா நிலையங்களும் ஒருங்கே மின்சாரத்தைக் கொட்டுகின்றன. மாலையில் வீடுகளில் விளக்கேற்றும் நேரம் நெருங்க நெருங்க வரத்துக் குறைகிறது. திரும்பும் தகடு மாலை வெயிலையும் விடாது பற்றுவதால், அது தரும் ஓர் அலகு மின்சாரம் நண்பகல் அலகைவிட மதிப்புடையது.

நம் நாட்டில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றும் வழங்குகிறது. பருவம் மாறுகையில், தொழிலாளர் வரிசை வரிசையாகச் சென்று திருகைத் தளர்த்தி, தகட்டின் சாய்வை மாற்றி, மீண்டும் முடுக்குகின்றனர். கொலாபாவில் நாள்தோறும் மூன்று நான்கு முறை நடக்க வேண்டியிருந்த வேலை, இப்போது ஆண்டில் சிலமுறை நடக்கிறது.