உயிரின் முறுக்கேணியைக் கண்டவர் யார்?

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. பிள்ளை தாயைப் போலிருப்பதற்குக் காரணம் யாது என்னும் வினா அறிஞர்களை நெடுங்காலம் மருட்டி வந்தது. அதற்குரிய விடையின் பெரும்பகுதி 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர் டி.என்.ஏ. எனப்படும் அமிலத்தின் அமைப்பைக் கண்டனர் என்பர். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

இவ்வமிலத்தை 1869இல் முதன்முதல் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டினரான பிரெடரிக் மீஷர். ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், புண்களுக்குக் கட்டிய துணிகளிலிருந்த சீழிலிருந்து அதனை அவர் பெற்றார். பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைக்குச் சுமந்து செல்வது புரதமே என்று பின்னாளில் பலர் நம்பியதால், இவ்வமிலத்தின் அருமை விளங்கவில்லை. 1944இல் நியூயார்க்கில் ஆஸ்வால்டு ஏவரியும் அவருடைய தோழர் இருவரும், நிமோனியாக் கிருமிகளின் பரம்பரைப் பண்பை மாற்ற வல்லது டி.என்.ஏ.யே என்று சோதனையால் காட்டினர். அதன் பின்னர் எர்வின் சார்காப், அதிலுள்ள நான்கு காரப்பொருள்களுள் அடினைனும் தைமைனும் ஏறத்தாழச் சம அளவிலும், குவானைனும் சைட்டோசினும் அவ்வாறே சம அளவிலும் இருப்பதைக் கண்டார்.

1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்த ரோசலிண்ட் பிராங்கிளின் அம்மையார், எக்ஸ்-கதிர்களைக் கொண்டு இவ்வமில இழைகளை ஆராயலானார். அவ்வாண்டு நவம்பரில் அவர் ஆற்றிய உரையை வாட்சன் கேட்டார், குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை. நினைவை நம்பி வாட்சனும் கிரிக்கும் மூன்று இழைகள் கொண்ட மாதிரியொன்றை அமைத்தனர். பாஸ்பேட் பகுதிகளை அதன் உள்ளே வைத்தனர். அம்மையார் அதைப் பார்வையிட்டு, நீரை ஈர்க்கும் பாஸ்பேட் வெளிப்புறத்தில்தான் இருத்தல் வேண்டும் என்று பிழையை எடுத்துக் காட்டினார். ஆய்வுக்கூடத் தலைவர் பிராக் அம்முயற்சியை நிறுத்தச் சொன்னார்.

1952 மே மாதத்தில் அம்மையாரும் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் ஈரமான இழையைப் படம் பிடித்தனர். 51ஆம் எண் பெற்ற அப்படத்தில் தோன்றிய பெருக்கற்குறி வடிவம், இழை முறுக்காக அமைந்திருப்பதைத் தெளிவாகக் காட்டியது. 1953 ஜனவரியில் மாரிஸ் வில்கின்ஸ் அதனை அம்மையார் அறியாமலே வாட்சனுக்குக் காட்டினார். அம்மையாரின் அளவுகள் அடங்கிய அறிக்கையொன்றும் வேறு வழியாகக் கிரிக்கின் கைக்கு வந்தது. அவ்வளவுகளிலிருந்து, இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன என்று கிரிக் உய்த்துணர்ந்தார். அடினைன் தைமைனோடும், குவானைன் சைட்டோசினோடும் இணைந்து ஏணிப்படிகளாகும் என்பதை வாட்சன் கண்டார். ஒரு முறுக்கின் நீளம் 34 ஆங்ஸ்ட்ராம். அதில் ஏறத்தாழப் பத்துப் படிகள். இழைகள் பிரிந்தால், ஒவ்வோர் இழையும் தனக்குரிய துணையைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும். பண்பு தலைமுறை தோறும் படியெடுக்கப்படும் வகை இதனால் விளங்கியது.

1953 ஏப்ரல் 25ஆம் நாள் 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. வாட்சன், கிரிக் கட்டுரை முதலில் நின்றது. அம்மையாரின் கட்டுரை அதற்குச் சான்று கூறுவதுபோல் இறுதியில் வைக்கப்பட்டது. தம் மாதிரிக்கு அவருடைய அளவுகள் எத்துணை உதவின என்பதை முன்னவர் இருவரும் அதில் விளங்கச் சொல்லவில்லை. 1958இல் அம்மையார் 37ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். அம்மையாரின் குறிப்பேடுகளைப் பின்னர் ஆராய்ந்த ஆரன் குளூக், 1953 பிப்ரவரியிலேயே அவர் இரட்டை இழை முடிவை நெருங்கியிருந்தார் என்று காட்டினார்.

படிகள் இணையும் முறையைக் கண்ட பெருமை கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கே உரியது. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டிய அளவுகளைப் பொறுமையோடு எடுத்துத் தந்தவர் மற்றொருவர். இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், இரண்டு பெயர்களோடு நிறுத்தாமல் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.