சிலோன் பெந்தெகொஸ்தே சபை: வரலாறும் நமது பார்வையும்



புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது "சபைக்கு" போகிறவராக இருக்கிறார். தாயின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்த மகன், கோவிலுக்குள் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியதை நாம் கண்டிருக்கிறோம். உள்ளே அமர்ந்திருந்த சகோதரிகளின் முகத்தையும் கண்டிருக்கிறோம். இந்த வேதனையில் பிறக்கும் பேச்சில் கோபம் இருக்கும் அளவுக்கு அறிவு இருப்பதில்லை. "எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நமது மக்கள் நன்கு அறிந்த ஒரு சபையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்காவில் பிறந்ததல்ல. கொழும்பு நகரில் பிறந்தது.

முன்னோடி நிகழ்வுகள்

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக, 1906-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசுசா தெருவில் நடந்த எழுப்புதலையே பலரும் குறிப்பிடுவர். ஆனால் 1905-லேயே பூனா அருகே கேட்கானில், பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் இதுபோன்ற எழுப்புதல் ஏற்பட்டது. அதற்கும் முன்பு, 1860-ல், நமது பழைய திருநெல்வேலிச் சீமையில் பரவசப் பேச்சும் இறைவாக்கும் கொண்ட எழுப்புதல் ஒன்று நிகழ்ந்தது. அதில் முக்கியப் பங்கு வகித்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். இவர் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர். வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர்.

கொழும்பில் பிறப்பு

சிலோன் பெந்தெகொஸ்தே சபையை நிறுவியவர் பாஸ்டர் பால். இவரது இயற்பெயர் ராமன்குட்டி. கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் இலங்கைக்குச் சென்று, அங்கே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். இவரோடு இலங்கையரான ஆல்வின் டி ஆல்விஸ் சேர்ந்துகொண்டார். 1920-களின் தொடக்கத்தில் இவர்களது கூட்டம் தனிச் சபையாக உருப்பெற்றது.

அக்காலக் கொழும்பில் பெந்தெகொஸ்தே போதனையைக் கொண்டுவந்த வெளிநாட்டினரும் இருந்தனர். டென்மார்க்கில் நடிகையாக இருந்து ஊழியத்திற்கு வந்த அன்னா லெவினி அவர்களில் ஒருவர். ஆனால் பாஸ்டர் பாலின் சபையை வழிநடத்தியவர்கள் இம்மண்ணின் மக்களே. அந்நிய ஆட்சியும் அந்நிய மிஷனரிகளின் அதிகாரமும் நிலவிய காலத்தில் இது சிறிய செய்தியல்ல.

சபை விரைவிலேயே தமிழகத்திலும் கேரளத்திலும் பரவியது. பாஸ்டர் பால் 1945-ல் இறந்தார். 1984-ல் இந்தியாவில் இச்சபையின் பெயர் "தி பெந்தெகொஸ்தே மிஷன்" என்று மாற்றப்பட்டது. சென்னை தாம்பரம் அருகே இரும்புலியூரில் இதன் தலைமையகம் உள்ளது. ஆண்டுதோறும் அங்கு பெரிய கன்வென்ஷன் நடைபெறுகிறது.

ஊழியர்களின் வாழ்க்கை

இச்சபையின் முழுநேர ஊழியர்கள், ஆண்களும் பெண்களும், திருமணம் செய்வதில்லை. வேலையையும் சொத்தையும் விட்டு, வெண்ணிற உடை அணிந்து, விசுவாச இல்லங்களில் கூட்டாக வாழ்கின்றனர். தொடக்கத் திருச்சபையில் எல்லாம் பொதுவாய் இருந்ததை (திப 2:44-45) இதற்கு முன்மாதிரியாகக் கொள்கின்றனர்.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல், கூட்டு வாழ்வு. இவை நமக்குப் புதியவையா? நமது துறவற சபைகள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் வாழ்வுதான் இது. இதே இலங்கையில், டச்சுக்காரர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்தபோது, 1687-ல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் போல் சென்று விசுவாசத்தைக் காத்தவர் யோசேப் வாஸ் அடிகளார். 2015-ல் கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரைப் பற்றி நமது பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

நாம் வேறுபடும் இடங்கள்

முதலாவது, திருமுழுக்கு. குழந்தைத் திருமுழுக்கை இச்சபை ஏற்பதில்லை; அங்கு சேரும் கத்தோலிக்கர் மீண்டும் முழுக்கு பெறுகின்றனர். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் முறையாகப் பெற்ற திருமுழுக்கு ஒரே முறைதான் என்பது நமது போதனை. ஆகவேதான் மனம் மாறித் திரும்பி வருகிறவருக்கு நாம் மறுபடி திருமுழுக்கு கொடுப்பதில்லை. கடவுள் அவரைத் தம் பிள்ளையாக்கியது அழிவதில்லை.

இரண்டாவது, மருந்து. மருந்தை நாடாமல் ஜெபத்தினால் குணமடைவதை இச்சபை வலியுறுத்துகிறது. நாமும் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறோம். யாக்கோபு 5:14-ன்படி நோயில்பூசுதல் அருளடையாளத்தை வழங்குகிறோம். ஆனால் மருத்துவரும் மருந்தும் ஆண்டவரின் கொடையே என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அந்நூல் அவர்களது விவிலியத்தில் இல்லை. எனவே வீட்டில் சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ யாரேனும் மாத்திரையை நிறுத்தினால், வாதாடிக்கொண்டிராமல் அன்போடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, நற்கருணை, அன்னை மரியா, இறந்தோருக்கான ஜெபம். அந்த மகன் வாசலில் நின்றதன் காரணம் இங்கேதான் உள்ளது. தாயின் மேல் அன்பில்லாததால் அல்ல.

நமது கடமை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டில், பிரிந்த சகோதரரிடம் உள்ள நன்மைகளை மகிழ்வோடு ஏற்கும்படி நம்மைக் கேட்கிறது. 1972 முதல் கத்தோலிக்கத் திருச்சபை பெந்தெகொஸ்தே தலைவர்கள் சிலருடன் உரையாடி வருகிறது. 2014-ல் இத்தாலியின் கசெர்த்தா நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குச் சென்று, அவர்களைத் துன்புறுத்திய கத்தோலிக்கருக்காக மன்னிப்புக் கேட்டார்.

அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்குமுன், நோயில் படுத்தபோது அவர்கள் வீட்டுக்கு யார் முதலில் போனார்கள் என்று கேட்போம். பங்குக் குருக்களாகிய நாமும் இக்கேள்விக்குத் தப்ப முடியாது. விவிலியத்தைக் கையில் எடுத்து வீட்டில் ஜெபிக்கும் பழக்கத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டுகள் வெடித்தன. கொன்றவர்கள் கத்தோலிக்கர், சபையார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. கிறிஸ்துவின் பெயரே போதுமானதாக இருந்தது. ஒரே ஆண்டவருக்காக ஒரே நாளில் சிந்திய இரத்தத்தைப் பார்த்த பின்பும், ஒரே தாயின் பிள்ளைகள் பேசாமல் இருக்கலாமா?

அடுத்த முறை அவர் வாசலில் நிற்கும்போது, ஒருவர் எழுந்து சென்று அவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். உள்ளே வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவரோடு சற்று நேரம் நின்றால் போதும். எஞ்சியதைத் தூய ஆவியார் பார்த்துக்கொள்வார்.