எஃப்-1 மாணவர் விசா

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முழுநேரமாகப் படிக்க வரும் வெளிநாட்டவருக்கு அந்நாடு வழங்கும் தற்காலிக விசாவே எஃப்-1. பல்கலைக்கழகம், கல்லூரி, உயர்நிலைப் பள்ளி, மொழிப் பயிற்சி நிலையம் ஆகியவற்றில் சேர்வோர் இதைப் பெறுகின்றனர். தொழிற்பயிற்சிக்கு எம்-1, பரிமாற்றத் திட்டங்களுக்கு ஜே-1 எனத் தனி வகைகள் உண்டு. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த சீனாவை இந்தியா அவ்வாண்டில் முந்தியது.

வரலாறு

1923இல் தீர்ப்பான பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் குடியேறுவதை 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தடுத்தது. ஆனால் அதே சட்டம் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களில் படிக்க வருவோருக்கு விலக்கு அளித்தது. வேறு வழிகள் அடைபட்டிருந்த காலத்திலும் ஆசிய மாணவர்களுக்கு ஒரு வழி திறந்தே இருந்தது.

இன்றைய எஃப் வகையை உருவாக்கியது 1952ஆம் ஆண்டுக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம். தாய்நாட்டில் இருப்பிடம் உள்ளவராகவும் அதைக் கைவிடும் எண்ணம் இல்லாதவராகவும் மாணவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உள்ளது. சென்னையைச் சேர்ந்த ஷியாமளா கோபாலன் 1958இல் 19 வயதில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான கமலா ஹாரிஸ் இவருடைய மகள்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்டவர்களுள் ஒருவரான ஹானி ஹஞ்சூர் மாணவர் விசாவில் நுழைந்தும், சேரவேண்டிய மொழிப் பள்ளிக்குச் செல்லாதவர். மாணவர்களைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கூறியிருந்தது. தாக்குதலுக்குப் பின் அந்தப் பணி விரைவுபடுத்தப்பட்டு, 2003இல் செவிஸ் என்னும் தரவுத்தளம் நடைமுறைக்கு வந்தது. மாணவரின் சேர்க்கை, முகவரி, பாடச்சுமை ஆகியவற்றைக் கல்வி நிலையம் இதில் பதிந்துவர வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறை

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி பெற்ற கல்வி நிலையத்தில் இடம் பெறுவது முதல் படி. முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை மாணவர் காட்டிய பிறகு, அந்நிலையம் ஐ-20 படிவத்தை வழங்கும். படிப்பு, அதன் காலம், ஆண்டுச் செலவு, பணம் வரும் வழி ஆகியவை அதில் இருக்கும்.

அடுத்து செவிஸ் கட்டணம் 350 டாலர் செலுத்தி, டிஎஸ்-160 என்னும் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இவை 2025ஆம் ஆண்டில் நடப்பிலிருந்த தொகைகள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது. கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் படிவம் கேட்கிறது. அக்கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற அறிவிப்பு 2025 ஜூனில் வெளியானது. படிவத்தில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் விண்ணப்பதாரரே பொறுப்பு. எனவே ஏஜென்ட் நிரப்பித் தந்தாலும் மாணவர் அதை வரிவரியாகச் சரிபார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.

விரல்ரேகையும் புகைப்படமும் விண்ணப்ப மையத்தில் பதிவாகும். அதன்பின் தூதரகத்தில் நேர்காணல். இந்தியாவில் புதுடெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய இடங்களில் இது நடைபெறுகிறது. கோடைக்கால ஸ்லாட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் ஐ-20 கையில் கிடைத்ததும் பதிவு செய்வது நல்லது.

நேர்காணல்

குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, தற்காலிக விசா கேட்பவர் நிரந்தரமாகத் தங்க வருபவர் என்றே முதலில் கருதப்படுவார். அப்படி அல்ல என்று அதிகாரியை நம்பச் செய்யும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. நேர்காணலின் கேள்விகள் எல்லாம் இந்தப் பிரிவிலிருந்தே பிறக்கின்றன. ஏன் இந்தப் பல்கலைக்கழகம், முன்பு படித்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு, செலவை யார் ஏற்கிறார்கள், படித்து முடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள்.

பெரும்பாலும் சில நிமிடங்களில் பேச்சு முடிந்துவிடும். வங்கி இருப்புச் சான்று, பெற்றோரின் வருமான வரிக் கணக்கு, கல்விக் கடன் அனுமதிக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். அதிகாரி அவற்றைப் பார்க்காமலும் முடிவெடுக்கலாம். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த விடையைவிடத் தன் படிப்பைப் பற்றி மாணவர் சொந்தச் சொற்களில் தரும் விளக்கமே நம்பிக்கையை உண்டாக்கும்.

214(பி) பிரிவில் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. ஆனால் புதிய கட்டணம் செலுத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். 221(ஜி) என்ற தாள் கிடைத்தால் கூடுதல் ஆவணமோ பரிசீலனையோ தேவை என்று பொருள். போலி மதிப்பெண் பட்டியல், பொய்யான வங்கிச் சான்று போன்றவற்றைக் கொடுப்பவருக்கு ஆயுள் முழுவதும் அமெரிக்க நுழைவு மறுக்கப்படலாம். ஒரு மறுப்பைப் பிறகு சரிசெய்துகொள்ள முடியும். மோசடி என்று பதிவாகிவிட்டால் அதிலிருந்து மீள்வது மிகக் கடினம்.

விசாவும் தங்கும் தகுதியும்

விசா என்பது நாட்டின் வாசல்வரை சென்று நுழைவு கோருவதற்கான அனுமதி. உள்ளே எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை ஐ-94 என்னும் நுழைவுப் பதிவு தீர்மானிக்கிறது. படிப்புத் தொடங்குவதற்கு 30 நாள்களுக்கு முன்னதாக நுழைய முடியாது. படிக்கும்போது விசாவின் தேதி முடிந்துபோனாலும், தகுதியைக் காத்துவரும் மாணவர் தொடர்ந்து தங்கலாம். வெளிநாடு சென்று திரும்பும்போதுதான் புதிய விசா வேண்டும். இளநிலை மாணவர் பொதுவாக ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட் பாடங்களாவது எடுக்க வேண்டும். படிப்பை முடித்தவருக்கு வெளியேற 60 நாள் அவகாசம் உண்டு.

வேலை

பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம். வெளியே அனுமதியின்றி வேலை பார்த்தால் தகுதி பறிபோகும். பாடத்திட்டத்தின் பகுதியாக அமையும் பயிற்சிக்கு சிபிடி அனுமதி தேவை. பட்டம் பெற்ற துறையிலேயே 12 மாதம் வேலை செய்ய ஓபிடி வழி செய்கிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கலாம். எஃப்-2 விசாவில் உடன் வரும் கணவனோ மனைவியோ வேலை செய்ய முடியாது.

போலிக் கல்வி நிலையங்கள்

கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் விசா மோசடிக்காக 2011இல் மூடப்பட்டபோது, ஏராளமான இந்திய மாணவர்கள் நிர்க்கதியாயினர். மிச்சிகனில் இயங்கிய ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் குடியேற்றத் துறை அதிகாரிகளே இரகசியமாக அமைத்தது என்பது 2019இல் வெளிப்பட்டது. அங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பெயர் பதிந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

அந்த நிலையத்தின் பெயர் அரசின் அனுமதிப் பட்டியலிலும் இருந்தது. ஆகவே பட்டியலைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், வகுப்புகள் எங்கே நடக்கின்றன, யார் கற்பிக்கிறார்கள், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்பே விசாரித்தறிய வேண்டும். வகுப்புக்கு வராமலே விசாவைக் காப்பாற்றித் தருவதாகச் சொல்லும் எந்த நிலையமும் மாணவருக்குப் பாதுகாப்பானதன்று; எஃப்-1 தகுதிக்கு அடிப்படையே உண்மையான முழுநேரப் படிப்புதான்.