ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல்



போன பதிவில் நம் கீழக்குயில்குடியின் ரேகைச் சட்டக் கதையை எழுதியிருந்தேன். 1911-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் 1914-இல் இந்த ஊர்ப் பிரமலைக் கள்ளர்கள் மேல் வந்து விழுந்ததும், விரல் ரேகையைப் பதிந்து ராத்திரியானால் ஆளை எண்ணியதும், 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் உங்களில் பலருக்குத் தாத்தா சொன்ன கதைகள்தான். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆகிவிட்டது.

அதைப் படித்துவிட்டு, என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் கேட்டிருந்தான்: “டீச்சர், அன்னைக்கு ரேகை. இன்னைக்கு ரத்தம். ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்தாலே யார் குடிக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சிடலாமாமே, உண்மையா?”

பாதி உண்மை, தம்பி. பெண்கள் விஷயத்தில் அந்தப் பாதியிலும் குறைவு. இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை. அவள் மகளிடம் கேட்டு, அவள் “எழுதுங்க சித்தி” என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பரிசோதனைகள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

ஸ்வீடன் நாட்டில் விட்மார்க் என்று ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். குடித்த சாராயம் ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட 1932-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதில் ஆணுக்கு 0.68, பெண்ணுக்கு 0.55 என்று இரண்டு எண்கள் உண்டு. சாராயம் உடம்பில் உள்ள தண்ணீரில்தான் கலக்கும். ஆண் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர், பெண் உடம்பில் 50 சதவீதம். ஒரு கரண்டி உப்பைப் பெரிய சட்டிக் குழம்பிலும் சின்னச் சட்டிக் குழம்பிலும் போட்டுப் பாருங்கள். எது கரிக்கும் என்று சமைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால், பெண்ணின் ரத்தத்தில்தான் அதிகம் ஏறும்.

1990-இல் இன்னொரு செய்தி வந்தது. இத்தாலி, அமெரிக்க மருத்துவர்கள் 20 ஆண்களையும் 23 பெண்களையும் வைத்து ஆராய்ந்தார்கள். இரைப்பையிலேயே சாராயத்தைக் கொஞ்சம் சிதைத்துவிடும் நொதி ஒன்று உண்டு. அது பெண்களிடம் ஆண்களுக்கு இருப்பதில் 59 சதவீதம்தான் வேலை செய்தது. அந்த நொதிக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பிறகு வாதம் நடந்தது. ஆனால் குறைவாகக் குடித்தாலும், குறைந்த வருடங்களிலேயே பெண்ணின் ஈரல் கெடுகிறது என்பதில் வாதம் இல்லை.

அடுத்து, தொடர்ந்து குடிப்பவரை ரத்தத்தில் அடையாளம் காணும் முயற்சி. 1972-இல் லண்டனில் ரோசால்கி, ராவ் என்ற இருவர், குடிநோயாளிகளுக்கு ஜிஜிடி என்ற ஈரல் நொதி ரத்தத்தில் கூடுகிறது என்று எழுதினார்கள். 1974-இல், தொடர்ந்து குடிப்பவர்களின் சிவப்பணு பெரிதாகிறது என்ற கட்டுரை ‘லான்செட்’ இதழில் வந்தது. ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று போட்டிருப்பது அந்த அணுவின் அளவைத்தான். 1970-களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் ஹெலினா ஸ்டிப்லர் என்ற பெண்மணியும் சக ஆய்வாளர்களும் சி.டி.டி. என்ற மூன்றாவது அடையாளத்தைக் கொண்டுவந்தார்கள். இரும்புச்சத்தைச் சுமந்து செல்லும் புரதம், குடியால் கொஞ்சம் உருமாறுவதை அளப்பது அது.

அதே வருடங்களில் நம் மாநிலத்தில் என்ன நடந்தது? 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் வந்திருந்தது. 1971-இல் அது தளர்ந்தது, பிறகு மறுபடி மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் வந்தது, 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே போயின. ஈரல் கெட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நுழையும் வாசலில் மதுவிலக்கு கொண்டுவந்த ராஜாஜியின் பெயர்தான் இருக்கிறது. 1980-இல் சென்னையில் குடிநோய்க்கென்று தனி சிகிச்சை மையம் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடியால் இழந்தவர். நமக்குப் பழகிய கதை அதுதான்: குடிப்பது ஆண், அழுவது பெண். 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பிலும் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதாலேயே அந்தப் பெண்களை யாரும் தேடுவதில்லை.

இப்போது அக்காவுக்கு வருகிறேன்.

மாமா போன பிறகு அக்கா வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டாள். போனால் வெற்றிலை வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் வரும். ஒரு நாள், “என்னக்கா, ஒரு மாதிரி இருக்க?” என்றேன். “ஒன்னுமில்ல தாயி, ஒடம்பு வலி” என்றாள். அடுப்படியில் துணி சுற்றி வைத்திருந்த பாட்டிலை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இருவரும் பேச்சை மாற்றிவிட்டோம்.

2011-இல் சோர்வு என்று ரத்தம் கொடுத்தாள். ஜிஜிடி 48. பக்கத்தில் ‘55 வரை’ என்று அச்சடித்திருந்தது. எம்.சி.வி. 88, அதுவும் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 8.6. “ரத்தசோகை, சத்து மாத்திரை போடுங்க” என்றார்கள். எனக்கு ஒரே நிம்மதி. நான் பார்த்த பாட்டிலை ரிப்போர்ட் பொய்யாக்கிவிட்டது என்று நம்ப விரும்பினேன். 2013 தையில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஈரல் சுருக்க நோய் என்று சொல்லி இருபது நாளில் போய்விட்டாள். 52 வயது.

பிறகுதான் படித்தேன். ஜிஜிடிக்கு அந்த 55 ஆணுக்குரிய எல்லை. அதே அளவுமுறையில் பெண்ணுக்கு 38-ஐ ஒட்டித்தான் வரும். அக்காவின் 48 நார்மல் இல்லை. எம்.சி.வி. சங்கதி இன்னும் நுட்பமானது. குடி சிவப்பணுவைப் பெரிதாக்கும், இரும்புச்சத்துக் குறைவு அதைச் சிறிதாக்கும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் தராசு முள் நடுவில் நின்றுவிடும். அக்காவுக்கு இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இவர்களுக்கு அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி என்ன சொல்வது?

சி.டி.டி.யும் அப்படித்தான். முதலில் வந்த பரிசோதனைப் பெட்டியில் ஆணுக்கு 20, பெண்ணுக்கு 26 என்று எல்லை வைத்திருந்தார்கள். கர்ப்பத்திலும் இரும்புச்சத்துக் குறைவிலும், குடிக்காத பெண்ணுக்கே அந்த அளவு கூடும். குடிக்கும் பெண்ணோ பல நேரம் அதில் சிக்குவதில்லை. இப்போது பி.எத். என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. சாராயம் உள்ளே போனால்தான் ரத்தத்தில் அது உண்டாகும் என்பதால் ஆண் பெண் பேதம் அதில் பெரிதாக இல்லை என்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. சர்க்கரை, உடல் பருமன், ஈரலில் கொழுப்பு, சில வலிப்பு மாத்திரைகள் எல்லாமே ஜிஜிடியைக் கூட்டும். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத பெண்ணைப் பார்த்து, “குடிப்பீங்களா?” என்று சந்தேகத்தோடு கேட்டால் அவள் மனசு என்ன பாடுபடும்! ரேகையைப் பார்த்து ஆளைக் குற்றவாளி என்று முடிவு கட்டிய ஊர் நம்முடையது. ஒரு எண்ணைப் பார்த்து நாமே அதைச் செய்யக் கூடாது. அது துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

ஆகவே பிள்ளைகளே, வீட்டுப் பெண்களின் ரிப்போர்ட் வந்தால் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எல்லை பெண்ணுக்குரியதா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவரிடம் மறைக்காதீர்கள். ரொம்ப நாள் குடித்தவர்களை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

ரத்தம் தப்பாகச் சொன்னது என்று நான் இத்தனை எழுதிவிட்டேன். ஆனால் பாட்டிலைப் பார்த்தவள் நான். “அக்கா, எத்தனை நாளா?” என்று அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கலாம். அதற்கு எந்த லேப்பும் வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்