நாலு தாலர் பதினாறு குரோஷன்

1692-ல் ஔகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே போதகராக வந்து சேர்ந்த கிளௌகா, ஜெர்மனியின் ஹாலே நகரை ஒட்டிய வறுமைப்பட்ட ஊர். பத்தாண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோயில் சிதைந்துபோயிருந்தது. வியாழக்கிழமைதோறும் ஏழைகள் அவர் வீட்டு வாசலில் ரொட்டிக்கு வந்து நிற்பார்கள். அவர்களை உள்ளே அழைத்து ஞானோபதேசக் கேள்விகள் கேட்டார். அவர்களோடு வந்த பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பள்ளிச் சம்பளத்துக்கென்று அவர் காசு கொடுத்தும் பலர் பள்ளிக்குப் போகவில்லை.

1695-ன் தொடக்கத்தில் வீட்டுக் கூடத்தில் ஒரு காணிக்கைப் பெட்டியை வைத்தார். குறைச்சலில் இருக்கும் சகோதரனுக்கு மனதை அடைத்துக்கொள்ளக் கூடாது என்ற பொருளிலான யோவான் முதலாம் நிருப வசனம் அதன்மேல் எழுதப்பட்டிருந்தது. ஒருநாள் ஒருவர் அதில் ஒரே தடவையாக 4 தாலர் 16 குரோஷன் போட்டார். அன்றைய கணக்கில் ஒரு தாலருக்கு 24 குரோஷன். பெரிய தொகை வரட்டும் என்று ஃபிராங்கே காத்திருக்கவில்லை. இதுவே நல்ல முதல், இதைக் கொண்டு ஏழைப் பள்ளி தொடங்கலாம் என்று தீர்மானித்தார். அன்றே இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கினார். வறிய மாணவர் ஒருவரைத் தினம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்ல வாரம் 6 குரோஷன் சம்பளத்தில் அமர்த்தினார். அந்தக் கணக்கில் மற்ற இரண்டு தாலர் எட்டு வாரத்துக்கு வரும். அதற்குள் தேவன் மேலும் தருவார் என்பது அவருடைய நம்பிக்கை.

முதல் அடியே சறுக்கியது. பிள்ளைகளிடம் கொடுத்த 27 புத்தகங்களில் திரும்பி வந்தவை நான்கே. மற்றவற்றைக் கொண்டுபோனவர்கள் வரவேயில்லை. மீதியிருந்த 16 குரோஷனுக்குப் புதிய புத்தகம் வாங்கி, பாடம் முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். பள்ளி நின்றுவிடவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க இடம் இதுதான்.

மூன்றாண்டு கழித்து, 1698 ஜூலையில், பள்ளியைத் தொடர்ந்து ஃபிராங்கே எழுப்பிய அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடிக்கும் பணம் அப்போது கையில் இல்லை. பல வாரங்கள் கூலிக்குக்கூடக் காசில்லாத நிலை வந்தது. ஜெபத்துக்குப் பின் உதவி வந்ததை ஃபிராங்கே தாமே எழுதி அச்சிட்டார். ஆனால் கைகட்டி உட்கார்ந்து கிடைத்த உதவி அல்ல அது. இல்லத்தோடு சேர்ந்து புத்தகக் கடை, அச்சகம், மருந்தகம் எல்லாம் நடந்தன. பிராண்டன்பர்க் ஆட்சியாளரின் சலுகைகளும் கிடைத்தன. 1727-ல் ஃபிராங்கே காலமானபோது அங்குள்ள பள்ளிகளில் படித்தவர்கள் 2,000-க்கும் மேல். நூறாண்டு கழித்து, அந்த இல்லத்தின் இலவச அறையில் இரண்டு மாதம் தங்கிய ஜார்ஜ் முல்லர் என்ற மாணவர், பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் யாரிடமும் பணம் கேட்காமலே அநாதை இல்லங்களை நடத்தினார்.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி சீகன்பால்கு ஹாலேயில் பயின்றவர். 1713-ல் அங்கிருந்தே தமிழ் எழுத்து அச்சுகள் வந்தன. அவை பெரியவை, காகிதத்தை விழுங்கின. சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் 1714-ல் அந்த அச்சுகளில் வெளிவந்தன. காகிதம் பற்றாமல் போகவே தரங்கம்பாடிப் பகுதியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எஞ்சிய புதிய ஏற்பாடு 1715-ல் அந்தச் சிறிய எழுத்தில் அச்சாகி முடிந்தது.